உப்புத் தெரியாத நாக்கு

அவள் உதைத்தபோது என் முன்பல் ஒன்று பால் வாளிக்குள் விழுந்தது. வலி பிறகுதான் வந்தது. முதலில் கேட்டது சத்தம். வாளியின் அடியில் சிறு கல் பட்டது போல. குனிந்து பார்த்தேன். அரைக் கோப்பை மஞ்சள் பால், அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு, கோட்டின் முனையில் என் பல். அடுத்த உதை வாளிக்குப் போனது. அதற்கடுத்தது என் தொடைக்கு. சாணிக்குள் உட்கார்ந்து இரத்தத்தைத் துப்பினேன்.

என் மூத்த சகோதரர், நானா, கொட்டில் கம்பத்தில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிப்ளோமாவுல இத சொல்லித் தரல்லயா?" என்றார்.

நான் எழும்ப முடியாமல் கிடப்பதைக் கண்டதும் சிரிப்பை விட்டார். விறகுக் குவியலிலிருந்து ஒரு தென்னை மட்டையை இழுத்தெடுத்தார். முதல் அடி அவளுடைய முதுகில் விழுந்தது, இரண்டாவது விலாவில். மூன்றாவது அடிக்கு மட்டையை ஓங்கியபோது நான் ஒற்றைக் காலில் எழும்பி அதன் மறுமுனையைப் பிடித்துவிட்டேன். மட்டையின் சிராய் உள்ளங்கையைக் கிழித்தது. இரண்டு பேரும் அதை இழுத்தோம். அவள், முதல் கன்று போட்டு மூன்று நாளேயான எங்கள் சிவப்புப் பசு, கயிறு இறுகக் கண்கள் பிதுங்க நின்று, எங்களையும் கம்பத்தையும் காற்றையும் மாறி மாறி உதைத்தாள்.

"விடு மட்டைய. அடிச்சாத்தான் மாடு படியும்."

"நோவுல உதைக்கிது நானா. படியாமயில்ல."

"எல்லாருக்கும்தான் நோவு. ஒனக்குப் பல்லு போச்சு, நீ யாருக்காவது உதைச்சியா?"

சத்தம் கேட்டு வாப்பா வந்தார். என் வாயைப் பார்த்தார், பசுவின் மடியைப் பார்த்தார். கறக்க விடாமல் மூன்று நாளாக வீங்கிக் கிடந்த மடி அது; பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்க முடியாமல் அகன்று நின்றன. அதற்கு முந்தின நாள் பால் குடிக்க வந்த சொந்தக் கன்றையே உதைத்துக் கொட்டிலின் மறுபக்கச் சுவரில் அடித்திருந்தாள். கன்று பிழைத்தது, ஆனால் தாயின் பக்கம் போகப் பயந்து போத்தலில்தான் குடித்தது.

"வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பொறகு லொறிய வரச் சொல்லுறன்," என்றார் வாப்பா. "அதுக்குள்ள மடி இளகினா நிக்கட்டும். இல்லாட்டி ஏத்திருவம். இப்புடி வதைச்சுக்கிட்டு இருக்கிறதும் பாவம்தான்."

லொறி என்றால் மாட்டு வியாபாரியின் லொறி. கல்பிட்டிப் பாதையில் எல்லோருக்கும் தெரிந்த வாகனம். அதில் நடந்து ஏறும் மாடு எங்கேயும் நடந்து இறங்குவதில்லை. அன்று செவ்வாய்க்கிழமை.

வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு நான் யோசித்தது பல்லைப் பற்றியல்ல. இதைச் செய்தது யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்: கிருமி. அப்படித்தான் நினைத்தேன்.

*

கொஞ்சம் பின்னே போக வேண்டும். நான் மலைப்பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கால்நடை வளர்ப்புப் படித்துவிட்டு வந்தவள். அங்கே போன முதல் வாரமே விடுதிப் பிள்ளைகள் எனக்குக் 'கருவாடு' என்று பட்டம் வைத்துவிட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் நான் உப்புக் கேட்டேன். அந்த ஊர்த் தண்ணீர் எனக்குத் தண்ணீராகவே படவில்லை. வெறும் ஈரம். பட்டத்தைக் கேட்டு நானும் சிரித்தேன். அது ஓர் எச்சரிக்கை என்பது எனக்குப் புரியவில்லை.

அங்கே என்னைப் பிடித்துக்கொண்ட பாடம் அமினோ அமிலங்கள். மற்றவர்கள் பரீட்சைக்குப் படித்ததை நான் கதைப் புத்தகம் போலப் படித்தேன். எங்கள் கரையோரத்து ஆளுக்கு அதைச் சொல்வது மிகச் சுலபம். புரதம் ஒரு வலை. அமினோ அமிலங்கள் அந்த வலையை முடிகிற விதவிதமான நூல்கள். ஒரு நிற நூல் தீர்ந்துவிட்டால் மற்ற நூல் மலையாகக் குவிந்திருந்தாலும் வலை அந்த இடத்தோடு நின்றுவிடும். பசுவின் உடம்பில் முதலில் தீர்ந்துபோகிற நூல்கள் பெரும்பாலும் இரண்டு: மெத்தியோனின், லைசின். நாங்கள் காலங்காலமாகப் போடுகிற தேங்காய்ப் புண்ணாக்கில் இந்த இரண்டும்தான் குறைவு.

இன்னும் ஒன்று படித்தேன், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பால் கறந்து முடிந்த பிறகு காம்பின் துவாரம் சிறிது நேரம் திறந்தே கிடக்கும். அந்த வாசலை அடைக்கும் மெழுகு போன்ற பொருள், நம் நகமும் தலைமயிரும் ஆன அதே பொருள்தான். அதை உண்டாக்கக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும், மெத்தியோனின் அவற்றுக்கெல்லாம் தாய். வாசல் சரியாக அடைபடாவிட்டால் சாணியில் கிடக்கும் கிருமி நேராக மடிக்குள் ஏறும். உள்ளே நடப்பது ஒரு போர். வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கி, தாங்களும் வெடித்து, பாலைச் சீழாக்கிவிட்டுச் சாகும். அந்தப் போருக்கும் படை திரட்ட அமினோ அமிலம்தான் வேண்டும். ஆகவே, என்று இருபத்திரண்டு வயது மூளை முடிவு கட்டியது, நல்ல புரதம் கொடுத்தால் மடி நோயே வராது.

நல்ல புரதம் எங்கே இருக்கிறது? மீனில். அதிலும் மீனின் புரதம் பசுவின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களிடம் முழுதாகப் பிடிபடாமல் தப்பிக் குடலுக்குப் போய்ச் சேரக்கூடியது. நான் பிறந்த ஊரில் மீனுக்குப் பஞ்சமா? கரையில் வரிசையாகக் கருவாட்டு வாடிகள், மீன் காயப்போடும் கொட்டகைகள். தலை, முள், உடைந்த துண்டு, பாயிலிருந்து கூட்டி அள்ளியது என்று குப்பையாகப் போவதே சாக்குக் கணக்கில்.

வாடிக்காரி ஓர் அக்கா, கழுத்தில் ஜெபமாலையோடு வெயிலில் நின்று மீனைப் பிளப்பவர். நான் கேட்டதும் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

"மாட்டுக்கா? கருவாட்டயா?"

"ஓம் அக்கா. இடிச்சுப் புண்ணாக்கோட கலந்து."

"நல்லாக் குடு. நாளைக்கு சோறு எங்க, சொதி எங்கெண்டு கேக்கும்." கத்தி மறுபடி மீனுக்குள் இறங்கியது. "உப்புப் புள்ள இது. கழுவிக் குடு."

கழுவினேன். சத்தியமாகக் கழுவினேன். உப்பு அதிகமானால் சினைப் பசுவுக்கு ஆகாது என்று நானும் படித்திருந்தேன். கிணற்றடியில் மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் காயவைத்து, இடித்து, சலித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. உம்மாவையும் கூப்பிட்டு ஒரு சிட்டிகை கொடுத்தேன். உம்மா சப்பிப் பார்த்துவிட்டு, "மண்ணு மாதிரி இருக்கு, கொஞ்சம் உப்புப் போடு," என்றார்.

மற்ற இரண்டு பசுக்களுக்கும் கொடுக்கவில்லை. முதல் கன்றுக்கு நின்ற இவளுக்கு மட்டும், கன்று போட ஆறு வாரம் இருக்கும்போதே தொடங்கினேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமல்லவா. முதல் நாள் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினாள். பனங்கருப்பட்டி கரைத்து ஊற்றினேன். பிறகு தொட்டியை நக்கித் தேய்த்தாள். தண்ணீரை முன்பைவிட இரண்டு மடங்கு குடித்தாள். பசி எடுத்துவிட்டது, உடம்பு ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். குடித்ததும் அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

கன்று போட ஒரு வாரம் இருக்கையில் மடி இறங்கியது. ஊரே வந்து பார்த்தது என்று சொன்னால் மிகையில்லை. முதல் கன்றுக்காரிக்கு இப்படி ஒரு மடியை யாரும் கண்டதில்லை. தொப்புள் வரைக்கும் முன்னால் ஓடி, பளபளவென்று இறுகி நின்றது. நான் போனில் படம் எடுத்து விடுதிக் கூட்டாளிகளுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: மெத்தியோனின் செய்த வேலை.

நானாகூட ஒரு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஒன்ட கருவாடு வேலை செய்யுதுதான் போல," என்றார். அவர் வாயிலிருந்து நான் வாங்கிய ஒரேயொரு பட்டம் அது.

*

ஆக அந்தச் செவ்வாய்க்கிழமை, பல் போன பிறகு, நான் கணக்கு இப்படிப் போட்டேன்: கிருமி ஏறிவிட்டது. படை போதவில்லை. படைக்கு நூல் வேண்டும். அன்று மத்தியானம் அவளுக்குக் கருவாட்டுத் தூளை இரட்டிப்பாக்கினேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்று கூசவில்லை. உதடு வீங்கிப் போய், தொடை நீலம் பாரித்து, நொண்டி நொண்டிப் போய்த் தொட்டியை நிரப்பினேன். அவள் ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

புதன்கிழமை காலையில் மடி கல்லாக இருந்தது. காம்புகள் வீக்கத்துக்குள் புதைந்து விரல் நுனி அளவுதான் வெளியே தெரிந்தன. பின்பக்க இடது பகுதி கொதித்தது. கையை வைத்ததும் அவள் முழு உடம்பாலும் என்னைச் சுவரோடு அடித்தாள். மூச்சு அப்படியே நின்றுபோய் வாயைத் திறந்து திறந்து மூடினேன், கரையில் போட்ட மீன் போல.

"கறக்காம விட்டா அழுகிரும்," என்றார் நானா. அதில் அவர் சொன்னது சரி. பிழையாகச் செய்தது அதற்குப் பிறகு. வலை இழுக்கிற நைலோன் கயிற்றை எடுத்துவந்தார். பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, வாலையும் அதோடு முறுக்கி, தலையைக் கம்பத்தோடு ஒட்ட இழுத்துப் பிணைத்தார். "பிடி," என்றார். நான் பிடித்தேன், அதையும் மறைக்கப்போவதில்லை. அவர் புதைந்த காம்பை நகத்தால் கிள்ளி வெளியே இழுத்தார். பாலாக வரவில்லை. முதலில் மஞ்சள் நீர், பிறகு தயிர் போன்ற கட்டி, பிறகு இரத்தம்.

அவள் கத்தினாள். மாடு அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது. கட்டிய கால்களோடு ஒரேயடியாக மேலே எழும்பி, கம்பத்தை ஆட்டி, தென்னோலைக் கிடுகுக் கூரையின் பாதியைத் தன் மேல் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தாள். விழுந்தது மடியின் மேல். நானாவின் கால் அவளுக்குக் கீழே அகப்பட்டது. உருவி எடுத்தவர் அப்படியே எழும்பி, அந்தக் காலாலேயே அவளுடைய வயிற்றில் உதைத்தார். ஒன்று. இரண்டு.

"நீ மனுசனா?" என்றேன்.

நானாவை நான் 'நீ' என்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவரும் ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தில் நான் வாளியை வீசினேன். வாளியின் விளிம்பு அவர் இடது புருவத்தைத் திறந்தது. இரத்தம் கண்ணை மூடியது. மறு கண்ணால் குறி பார்த்து வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டார். பல் போன இடத்திலிருந்து பஞ்சு பறந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்துக் கிழித்தேன். அவர் என் கையை முறுக்கினார். கூரையிலிருந்து கிடுகு எங்கள் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

உம்மா வந்து இருவர் மேலும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்.

"ரெண்டு பேரும் மாட்ட விடக் கேடு கெட்டதுகள்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நானாவ 'நீ' எண்டா சொன்ன?" என்று கேட்டார். வாளியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

உம்மா நானாவின் புருவத்துக்குக் கோப்பித் தூள் வைத்துக் கட்டினார். முடிச்சுப் போடும்போது நானா சொன்னார், என்னிடமில்லை, சுவரிடம்: "நான் அத வதைக்க நினைக்கல்ல. நாளைக்கு லொறி வந்தா அதுட நோவு தீர்ந்திரும். இவதான் தீர விடுறா இல்ல."

நான் மிருக வைத்தியருக்கு அப்போதுதான் போன் எடுத்தேன். மூன்று நாள் முன்பே எடுத்திருக்க வேண்டும். எடுக்காததற்குக் காரணம் வெட்கம். படித்துவிட்டு வந்தவள் நான். இன்னொரு படித்தவரைக் கூப்பிட்டால் நானா சிரிப்பார் என்று நினைத்தேன். புருவம் கிழிந்த ஆள் இனிச் சிரிக்க மாட்டார்.

*

வியாழக்கிழமை காலை டொக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண். எங்கள் பகுதிக்கு வந்த பிறகுதான் தமிழ் பேசப் பழகினார். முற்றத்தில் நின்று என் வாயைப் பார்த்தார், நானாவின் கட்டைப் பார்த்தார், கூரையில்லாத கொட்டிலைப் பார்த்தார்.

"யார முதல்ல பாக்கிறது? எனக்கு மாடு மட்டும்தான் பாக்கத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் தோள் வரைக் கையுறையை இழுத்து மாட்டினார். அவள் உதைத்தாள், டொக்டர் விலகினார், மறுபடி நெருங்கினார். அவள் மறுபடி உதைத்தாள். ஐந்தாறு தடவைக்குப் பிறகு, விலா ஓரமாக ஒட்டி நின்று, பெருவிரலை மடியின் முன்பக்கத்தில் ஆழமாக அமர்த்தி எடுத்தார். அமர்த்திய இடம் குழியாகவே நின்றது, பிசைந்த மாவில் விரல் வைத்தது போல. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

நாலு குழி உள்ள வெள்ளைத் தட்டில் நாலு காம்பிலிருந்தும் கொஞ்சம் பீய்ச்சி, ஊதா நிற மருந்து விட்டு ஆட்டினார். மூன்று குழிகளில் தண்ணீராகவே ஓடியது. நாலாவது மட்டும் முட்டை வெள்ளை போலத் திரண்டது.

"நோய் ஒரு எடத்துல மட்டும். மத்த மூணும் நோய் இல்ல, நீர். மடி முழுக்க நீர்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "நங்கி, என்ன தின்னக் குடுத்த?" தங்கைமாரை அவருடைய மொழியில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நான் கருவாட்டுத் தூள் வாளியைக் கொண்டுவந்து கொடுத்தேன். மெத்தியோனின், லைசின் என்று தொடங்கினேன். மூன்று தண்ணீரில் கழுவினேன் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தார்.

துப்பினார். மறுபடியும் துப்பினார். மோட்டார் சைக்கிளுக்கு ஓடிப்போய்த் தன் போத்தலை எடுத்து வாய் கொப்பளித்தார்.

"எந்தத் தண்ணியில கழுவின?"

கிணற்றைக் காட்டினேன். அவர் கிணற்று வாளியில் ஒட்டியிருந்த தண்ணீரை விரலில் தொட்டு நக்கினார். இம்முறை துப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது கடல், நங்கி. கடல்ல கழுவி, கடல்ல நனைச்சு, குடிக்கவும் கடலக் குடுத்திருக்கு."

"உப்பு இல்லயே மிஸ்," என்றார் உம்மா, வாசலில் நின்றபடி. "நாங்க சோறாக்கிற தண்ணி."

எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. விடுதியில் என்னைக் கருவாடு என்றவர்கள், வெறும் ஈரமாக இருந்த அந்த மலைத் தண்ணீர், மண் மாதிரி இருக்கிறது என்று சொன்ன உம்மா. நான் அளவுகோலாக வைத்திருந்தது கடலில் ஊறிய ஒரு நாக்கை. ஊருக்கே பெருமையாகக் காட்டிய அந்த மடி பால் அல்ல, உப்பு இழுத்துவந்த நீர். அது அவளை உள்ளேயிருந்து இறுக்கி, காம்புகளைப் புதைத்து, கறக்க விடாமல் செய்து, கறக்காத பாலில் கிருமியை வளர்த்தது. அவள் உதைத்த ஒவ்வொரு உதைக்கும் விலாசம் நான். பிழையாகப் போனது அமினோ அமிலம் இல்லை என்று டொக்டர் பின்னால் ஆறுதலாகச் சொன்னார். அப்போது அது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு சொல்லில் என்னைக் கொன்றிருக்கலாம். கட்டுக்குக் கீழே இருந்த கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முச்சக்கர வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, பள்ளிவாசல் பக்கத்தில் வடிகட்டிக் கொடுக்கிற தண்ணீரை எடுக்கப் பிளாஸ்டிக் கான்களோடு போய்விட்டார்.

டொக்டர் நீர் இறங்க ஓர் ஊசி போட்டார், கிருமிக்கு ஓர் ஊசி. கெட்ட பகுதிக்குக் காம்பு வழியாகவும் மருந்து ஏற்றினார். கருவாடு நிற்பாட்டு. நல்ல தண்ணீர் மட்டும். பச்சைத் தண்ணீர் ஒத்தடம், அடிக்கொரு தரம் கறவை, கறந்து முடித்ததும் தின்னப் போட்டு நிற்க வைக்க வேண்டும், படுக்க விடக்கூடாது. "ஊசி நாள் முடியும் மட்டும் பாலும் வேணாம், இறைச்சியும் வேணாம்," என்று, மருந்து உடம்பை விட்டு நீங்கும் தேதியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார்.

*

அசர் முடிந்து லொறி வந்தது. மாட்டு வியாபாரி பருத்த மனிதர், தோளில் வாரம் முழுக்க மாற்றாத துவாய், கையில் ஒரு பிரம்பு. கொட்டிலைச் சுற்றி நடந்தார். மடியைப் பார்த்து உச்சுக்கொட்டினார். மடி காலையில் இருந்தது போலவே இருந்தது. வாப்பா சொன்ன கெடு அந்த நிமிடம்தான்.

"ஊசி கீசி போட்டதா?" என்று நானாவிடம் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னாலும், அவளைக் காப்பாற்ற நான் கட்டிய கதையாகத்தான் அது தெரியும் என்று பட்டது. நானா லொறியின் மாடு ஏற்றும் பலகையைப் பார்த்தார். நேற்று வரைக்கும் அந்தப் பலகை இறங்க வேண்டும் என்று நின்றவர் அவர்தான். ஒரு 'இல்லை' போதும். லொறி ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

"ஓம்," என்றார் நானா. "இண்டைக்குக் காலையில. ரெண்டு ஊசி."

"அப்ப ஏத்த மாட்டன். திங்கிறது நம்மட புள்ளைகள்." பிரம்பைக் கக்கத்தில் வைத்தார். "ஊசி நாள் முடிய வாரன். சாகாம இருந்தா."

அதன் பிறகு நடந்ததைச் சேவை என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். அது சண்டை. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. நானா தலைக்கயிற்றைப் பிடிப்பார், நான் ஈரச் சாக்கை மடியில் வைப்பேன், அவள் அடிப்பாள். என் வலது முழங்கால் இரண்டு தடவை பிசகியது. நானாவின் சுண்டுவிரல் கயிற்றுக்குள் அகப்பட்டு நகம் கழன்றது. மட்டையை அவர் எடுக்கவில்லை. கோபம் வந்தால் கம்பத்துக்குக் குத்துவார். கம்பத்தில் இன்றும் அவருடைய கை முட்டி அடையாளம் இருக்கிறது. மூன்றாம் நாள் மடியின் முன்பக்கத்தில் சுருக்கம் விழுந்தது. அதைக் கண்டு நான் அழுதபோது அவள் வாலால் முகத்தில் ஓர் அடி போட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒன்று புரிந்தது. நானா கறக்கக் குந்தினால் பல்லைக் கடித்துக்கொண்டாவது நிற்பாள். நான் பக்கத்தில் வந்தாலே கால் தூக்குவாள். அடித்தவரை விட்டாள், தீனி வைத்தவளை விடவில்லை. தொட்டி நிரப்பிய கையின் மணம் அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று டொக்டரிடம் சொன்னேன். அப்படியெல்லாம் இல்லை என்றார். எனக்கு நம்பிக்கையில்லை.

பின்பக்க இடது காம்பு பிழைக்கவில்லை. கட்டியாகி, சுருங்கி, பால் வற்றி நின்றுவிட்டது. "அதுக்கு ஒரு காம்பு போச்சு, ஒனக்கு ஒரு பல்லு," என்றார் நானா. "கணக்கு முடிஞ்சிது. எனக்குத்தான் யாரும் புருவம் தரயில்ல."

*

ஊசி நாள் முடிந்த மறுநாள் வியாபாரி சொன்னபடியே வந்தார். லொறியை முற்றத்தில் ஏற்றி நிறுத்தினார். வாப்பா வெளியே வந்து நின்றார். அவர் முடிவு செய்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. மூன்று காம்புப் பசு ஒரு வீட்டுக்கு வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு நாளாக உம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

வியாபாரி கொட்டிலுக்குள் போனார். மடி இளகித் தொங்கியதைப் பார்த்தார். கெட்ட பகுதியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தார்.

"பின்னுக்கு நிண்டு தொடாதீங்க," என்றேன்.

"நான் காணாத மாடா, மகள்?"

உதை அவருடைய தொடையில் விழுந்தது. அவ்வளவு பெரிய மனிதர் அப்படிப் பறப்பார் என்று நான் நினைத்ததில்லை. துவாய் ஒரு பக்கம், பிரம்பு ஒரு பக்கம், அவர் சாணிக்குள். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, கன்றின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். கன்று பயந்து பின்னால் போனது. பிறகு நின்றது.

நானா ஓடிப்போய் அவரைத் தூக்கினார். அவர் நொண்டி வந்து தென்னங்குற்றியில் உட்கார்ந்து தொடையைத் தேய்த்தார். அவருக்குக் கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"இத நான் ஏத்தல்ல," என்றார் வாப்பாவிடம். "நான் ஏத்துறது முடிஞ்ச மாட்ட. இதுக்கு இன்னும் கோவமே தீரல்ல."

வாப்பா அவளைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார். "அப்ப நிக்கட்டும்," என்றார்.

வியாபாரி தண்ணீர் கேட்டார். கைக்கு எட்டியது அவளுக்கென்று வைத்திருந்த வடிகட்டிய தண்ணீர்க் கான்தான். ஒரு கோப்பையில் வார்த்துக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தவர் முகத்தைச் சுளித்து, மிச்சத்தை மணலில் கொட்டினார்.

"இதென்ன தண்ணி? ருசியே இல்லயே," என்றார்.

உம்மா கிணற்றிலிருந்து அள்ளிவந்து கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று வாயைத் துடைத்துக்கொண்டு, வெறும் லொறியோடு போனார்.